வெள்ளித் தகட்டில் ஒரு கைநாட்டு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஒளிப்படம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது கைப்பேசி. ஒருமுறை விரலால் தொட்டால் ஒரு படம். மறுமுறை தொட்டால் அது நூறு பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் உலகத்துக்கு முதன்முதலில் முறையாக அறிவிக்கப்பட்ட ஒளிப்பட முறையில், ஒரு படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அந்தப் படம் காகிதத்தில் இராது. கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளித் தகட்டின் மீது இருக்கும். அதன் பெயர் டாகரோடைப்.

அத்தகைய படம் ஒன்றை, நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், ஒரு பழைய பிலிமிலிருந்து, கேமராவே இல்லாமல் ஆக்கிப் பார்க்க முயன்றேன். அம்முயற்சியில் நான் கற்றுக்கொண்டவற்றையும் பட்ட இடர்களையும் உடன் பயிலும் நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் இந்த முயற்சி?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். சம்பளப் பட்டியலில் கைநாட்டுத்தான் வைப்பார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். வீட்டில் மாட்டியிருந்த அவருடைய ஒரே படத்தையும் கரையான் அரித்துவிட்டது. ஆகவே தாத்தாவின் முகம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது.

சென்ற ஆண்டு வீட்டுக்கு ஓடு மாற்றியபோது, அப்பாயியின் தகரப் பெட்டியில் பழைய ரேஷன் அட்டைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை கிடைத்தது. உள்ளே கறுப்பு வெள்ளை நெகடிவ் ஒன்று. ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் சதுரம். ஸ்டூடியோக்காரர் படத்தோடு சேர்த்துக் கொடுத்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தலைமுடி வெளுப்பு, மீசை வெளுப்பு, சட்டை கறுப்பு. அப்பாயி வாங்கிப் பார்த்துவிட்டு, “யார்றா இது, பேய் மாதிரி இருக்கு?” என்றார். அவர் பார்த்தது தம் கணவரைத்தான்; அடையாளம் தெரியவில்லை.

கைப்பேசியில் அதைப் படம்பிடித்து, கறுப்பை வெளுப்பாகவும் வெளுப்பைக் கறுப்பாகவும் மாற்றிக் காட்டினேன். அப்பாயி கிட்டே வைத்துப் பார்ப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. “போயிட்டாரே” என்று கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார். காகிதத்தில் அச்சிட்டுத் தரலாம். ஆனால் எங்கள் வீட்டில் காகிதம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதுதான் தெரியுமே. வெள்ளியைக் கரையான் தின்னாது. அந்த எண்ணத்தில்தான் டாகரோடைப் என் மனத்தில் புகுந்தது.

பாரிஸ் நகரில் பிறந்த கலை

பிரான்ஸ் நாட்டவரான நியெப்ஸ் என்பவர் 1820-களிலேயே ஒளியைக் கொண்டு உலோகத் தகட்டில் பிம்பத்தைப் பதிய வைத்தார். அவருடன் கூட்டுச் சேர்ந்தவர் பாரிஸில் நாடகத் திரைகள் தீட்டிவந்த ஓவியர் லூயி டாகர். 1833-இல் நியெப்ஸ் இறந்தார். டாகர் தொடர்ந்து உழைத்து, தம் பெயரால் வழங்கும் முறையைக் கண்டறிந்தார். 1839-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் அராகோ என்ற இயற்பியல் அறிஞர் அதைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவித்தார். பிரெஞ்சு அரசு டாகருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும் நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் உதவித்தொகை வழங்கி, அம்முறையை வாங்கி, அதே ஆண்டு ஆகஸ்டு 19-இல் யாவரும் அறிய வெளியிட்டது. எனினும் இங்கிலாந்தில் மட்டும் டாகர் காப்புரிமை பெற்றுக்கொண்டார்.

டாகர் 1838-இல் தம் சன்னலிலிருந்து எடுத்த பாரிஸ் வீதிப் படம் ஒன்று புகழ்பெற்றது. பட்டப்பகலில் எடுத்தும் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. காரணம், படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின; நடந்தவர்களும் வண்டிகளும் தகட்டில் தங்கவில்லை. ஓரிடத்தில் நின்று பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவர் மட்டும் பதிந்தார். அவர் காலடியில் வேலை செய்துகொண்டிருந்தவரும் மங்கலாகத் தெரிகிறார். ஒளிப்படத்தில் மனிதர் தென்படும் மிகப் பழைய படங்களுள் ஒன்று இது. அதில் ஒரு பெயர் தெரியாத தொழிலாளியும் இருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

1841-இல் இங்கிலாந்தில் டால்பட் காகித நெகடிவ் முறையை வெளியிட்டார். ஒரு நெகடிவிலிருந்து எத்தனை படங்கள் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1851-இல் ஆர்ச்சரின் கொலோடியன் கண்ணாடித் தகடும் வந்துவிடவே, பிரதி எடுக்க இயலாத டாகரோடைப் மெல்ல வழக்கொழிந்தது. இன்று உலகில் மிகச் சிலரே அதைச் செய்கின்றனர். அவர்களுள்ளும் சிலர் கேமராவுக்குப் பதிலாகப் பிலிமைத் தகட்டின் மீது வைத்து நேராக அச்செடுக்கின்றனர். நான் கைக்கொண்டது அவ்வழியையே.

கைநாட்டும் தொடர்பு அச்சும்

பிலிமைத் தகட்டோடு ஒட்ட வைத்து, மேலிருந்து ஒளியைச் செலுத்தினால், பிலிம் எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே ஒளி இறங்கும். எங்கே கறுத்திருக்கிறதோ அங்கே இறங்காது. லென்சு வேண்டாம், பெட்டி வேண்டாம். பிலிமில் என்ன அளவோ அதே அளவுதான் தகட்டிலும். இதைத் தொடர்பு அச்சு என்பர். கைநாட்டும் அப்படிப்பட்டதுதானே? விரல் தொட்ட இடத்தில் விரலின் அளவிலேயே அடையாளம் விழுகிறது. இங்கே மைக்குப் பதில் ஒளி, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டாகரோடைப்பில் ஒளி பட்ட இடத்தில் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் தோன்றுகின்றன. அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகின்றன. ஒளி படாத இடம் வெறும் கண்ணாடியாக நிற்கிறது. எதிரே இருண்ட பொருள் ஒன்று இருந்தால் அவ்விடம் இருளாகத் தோன்றும். ஆக, ஒளி பட்டது வெண்மை, படாதது கருமை. நெகடிவை அப்படியே வைத்தால் தகட்டிலும் நெகடிவே விழும். அப்பாயி சொன்ன அதே பேய்தான் வெள்ளியில் வந்து நிற்கும்! எனவே பாசிட்டிவ் பிலிம் வேண்டும்.

இதற்கு உதவியது ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை. நெகடிவைக் கைப்பேசியில் பிடித்த படத்தை நேர்ப்படமாக்கி, அதே அளவில் ஒளி ஊடுருவும் பிலிமில் அச்சிட்டுத் தந்தார்கள். இடவலம் மாற்றி அச்சிடச் சொன்னேன். அச்சான பக்கம் தகட்டைத் தொட்டால்தான் படம் கூர்மையாக விழும். அப்படிக் கவிழ்த்து வைக்கும்போது முகம் திரும்பிவிடாமல் இருக்க முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். டாகர் காலத்துக் கேமராப் படங்கள் பெரும்பாலும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியே இருந்தன. தொடர்பு அச்சில் அக்குறை நீங்குகிறது.

பாதரசம் வேண்டாம்

டாகரின் முறையில், ஒளி பட்ட தகட்டில் முதலில் ஒன்றும் தெரியாது. பாதரசத்தை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, அதன் ஆவியில் தகட்டைக் காட்டினால்தான் மறைந்திருந்த பிம்பம் வெளிப்படும். நான் இதைப் பேராசிரியரிடம் சொன்னதும் அவர் தலையை அசைத்தார். “தம்பி, பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்த பிறகுதான் தெரியும். கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் ஏன் மூடப்பட்டது என்று படித்துவிட்டு வா” என்றார். படித்தேன். பாதரச மாசு என்பது எத்தனை ஆண்டுகளுக்குத் தொடரும் துன்பம் என்பது விளங்கியது. அன்றோடு முயற்சி முடிந்தது என்றே எண்ணினேன்.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு இன்னொரு வழியைச் சொன்னார். 1840-இல் எட்மண்டு பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் ஒரு புதுமையைக் கண்டார். சிறிது நேரம் ஒளி பட்ட தகட்டைச் சிவப்புக் கண்ணாடியின் கீழ் வெயிலில் வைத்தால், பாதரசம் இல்லாமலே பிம்பம் வளர்கிறது. வெள்ளி அயோடைடு நீல, ஊதாக் கதிர்களுக்குத்தான் மசியும், சிவப்புக்கு மசியாது. ஆயின் முன்பே ஒளி பட்டு நுண்ணிய வெள்ளித் துளிகள் உண்டான இடத்தில் மட்டும் சிவப்பொளி வேலையைத் தொடர்கிறது. அதனால் அவற்றுக்குத் ‘தொடரும் கதிர்கள்’ என்றே பெக்கரல் பெயரிட்டார். முந்தைய ஆண்டுதான் அவர் ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் விளைவைக் கண்டிருந்தார். இன்றைய சூரிய மின்பலகைகளின் தொடக்கம் அது. 1896-இல் கதிரியக்கத்தைக் கண்ட ஹென்றி பெக்கரல் இவருடைய மகனே. 1840-இல் எட்மண்டின் வயது இருபது, என் வயதுதான்!

செய்முறை

உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தில் 12 கிராம் தூய வெள்ளி வாங்கினேன். பத்தர் அதை ஆறு சென்டிமீட்டர் சதுரமாகத் தட்டித் தந்தார். வெள்ளியின் அடர்த்தி 10.5 என்று கொண்டு கணக்கிட்டால் கனம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் வரும். இரண்டாவது தகடு வாங்க என்னிடம் பணம் இல்லை என்பதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

முதற்படி, மெருகேற்றல். நகைக்குப் போடும் ரூஜ் என்ற இரும்பு ஆக்சைடுச் செந்தூளைப் பஞ்சில் எடுத்துத் தேய்த்து, முடிவில் வெல்வெட்டுத் துணியால் ஒரே திசையில் மெருகிட வேண்டும். மூச்சுக் காற்றின் ஈரமோ விரலின் எண்ணெய்ப் பசையோ படலாகாது. எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

இரண்டாம் படி, அயோடின் ஏற்றல். புகை வெளியேற்றும் பெட்டிக்குள், ஒரு கண்ணாடித் தொட்டியில் அயோடின் படிகங்களைப் பரப்பி, மேலே தகட்டைக் கவிழ்த்தேன். படிகத்திலிருந்து நேரே எழும் ஆவி வெள்ளியோடு கூடி வெள்ளி அயோடைடாகிறது. அப்போது தகடு முதலில் மஞ்சளாகும், பிறகு பொன்னிறம், பிறகு ரோஜா நிறம், அதன்பின் நீலம். இவை சாய நிறங்கள் அல்ல. மழைக்காலச் சாலையில் சிந்திய எண்ணெயில் காணும் குறுக்கீட்டு நிறங்கள். நிறத்தைக் கொண்டே படலத்தின் தடிப்பை அறியலாம். பொன்னிறம் ரோஜாவாகத் திரும்பும் இடத்தில் நிறுத்தினேன். அப்போது படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது.

மூன்றாம் படி, ஒளி காட்டல். மங்கிய சிவப்பு விளக்கில் தகட்டின் மேல் பிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்திக் கிளிப்பு மாட்டி வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். நான்காம் படி, பிலிமை எடுத்துவிட்டுச் சிவப்பு வடிகட்டியின் கீழ் மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பது. ஐந்தாம் படி, ஹைப்போக் கரைசலில் இட்டு, மாறாமல் எஞ்சிய வெள்ளி அயோடைடைக் கரைத்து நீக்குவது. வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்பதை 1819-இலேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல்.

பட்ட பாடு

முதல் முறை ஒன்றும் தேறவில்லை. வடிகட்டியாக, பூங்கொத்துக்குச் சுற்றும் சிவப்புக் கண்ணாடித் தாளைப் பயன்படுத்தினேன். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த அத்தாள் சிறிது நீல ஒளியையும் உள்ளே விட்டிருக்கிறது. தகடு முழுவதும் ஒரே வெண்படலம். மீண்டும் இரண்டு மாலை மெருகு வேலை. ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் மறைப்புக்கு வைத்திருக்கும் அடர்ந்த சிவப்பு பிலிமை அவர்களே தந்து உதவினார்கள்.

இரண்டாம் முறை, வெயிலில் பதினைந்து வினாடி காட்டினேன். டாகர் காலத்தில் நிமிடக் கணக்கில் காட்டினார்களே, இது குறைவுதான் என்பது என் எண்ணம். அங்கேதான் பிழை செய்தேன். கேமராவில் லென்சின் வழியே தகட்டை அடைவது மிகச் சிறு பங்கு ஒளி. தொடர்பு அச்சிலோ முழு வெயிலும் நேரே இறங்குகிறது. சிவப்பு பிலிமின் கீழ் ஒரு மணி நேரம் சென்றதும் நெற்றி தெரிந்தது. பிறகு மீசை, காது, சட்டைக் கழுத்து. ஆய்வக உதவியாளர் ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தார். ஹைப்போவில் கழுவி எடுத்தபோது என் தாத்தாவின் முகத்தை முதன்முதலாக அதன் இயல்பான ஒளியிலும் நிழலிலும் கையில் ஏந்தினேன். அப்பாவின் அதே தாடை.

ஆனால் சட்டை நீலமாகிவிட்டது! அளவுக்கு மிஞ்சி ஒளி பட்ட வெண்பகுதிகள் டாகரோடைப்பில் நீலம் பாரிக்கும். அக்காலத்துப் படங்களில் கனவான்களின் வெள்ளைச் சட்டைகள் நீலமானதும் இக்காரணத்தால்தான். பிழை என்ன என்பது தெரிந்துவிட்டது. வெயிலுக்குப் பதில் வராந்தா நிழலில் சில வினாடி காட்டினால் போதும், சட்டை வெண்மையாகவே வரும்.

ஆனால் இருப்பது ஒரே தகடு. மறுபடி செய்வதென்றால் இந்த முகத்தை ரூஜ் போட்டுத் தேய்த்து அழிக்க வேண்டும். நெகடிவ் பத்திரமாக இருக்கிறது, பாசிட்டிவ் பிலிமும் இருக்கிறது, ஆகவே இழப்பு ஒன்றுமில்லை என்று அறிவு சொன்னது. இருந்தும் பஞ்சை எடுத்த கை தகட்டின் மேல் போகவில்லை. அடுத்த முறை இதைவிட நன்றாக வரும் என்பதற்கு என்ன உறுதி? இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். “வீட்டில் காட்டிவிட்டு வந்து முடிவு செய், தம்பி” என்றார் பேராசிரியர்.

இப்படத்தை விரலால் தொட்டாலே அழிந்துவிடும். 1840-இல் பிஸோ என்பவர் தங்க உப்புக் கரைசலை மேலே ஊற்றிச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். அதற்கு வேண்டிய தங்க குளோரைடு நம் சக்திக்கு மேற்பட்டது. எனவே நாற்புறமும் அட்டைச் சட்டம் வைத்து, மேலே கண்ணாடி பொருத்தி, காற்றுப் புகாமல் ஓரங்களை ஒட்டினேன். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கவைக்கும் என்பதை நாம் அறிவோம்.

அப்பாயி சொன்ன தீர்ப்பு

சனிக்கிழமை ஊருக்குப் போய் அதை அப்பாயியின் கையில் கொடுத்தேன். “என்னடா, கண்ணாடி வாங்கியாந்திருக்கே? என் மூஞ்சிதான் தெரியுது” என்றார். டாகரோடைப்பின் இயல்பு அது. என் கறுப்புப் பையை எதிரே பிடித்து, அவர் கையைச் சற்றே சாய்த்தேன். அப்பாயியின் முகம் மறைந்து தாத்தாவின் முகம் தெரிந்தது.

வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பெருவிரலை முகத்தின் மேல் வைத்தார். நல்ல வேளை, கண்ணாடி இருந்தது. பிறகு, “மில்லுல குடுத்த நீலச் சட்டை. துவச்சுத் துவச்சு வெளுத்துப்போயி இப்படித்தான் இருக்கும்” என்றார்.

அது ஒளி மிகுந்ததால் வந்த நிறம் என்றும், கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குச் சட்டையின் நிறம் தெரியாது என்றும் விளக்கினேன். இரண்டும் உண்மை. வெளிர் நீலமும் வெள்ளையும் அந்த நெகடிவில் ஏறக்குறைய ஒன்றாகவே பதிந்திருக்கும். தகட்டில் நீலம் வந்தது தற்செயலே. அப்பாயி கேட்டுக்கொண்டார். “சரிடா. ஆனா சட்டை நீலந்தான்” என்றார். அதன்பின் தகட்டைத் திருப்பித் தரவில்லை. அது இப்போது தகரப் பெட்டியில் ரேஷன் அட்டைகளோடு இருக்கிறது. மூன்றாம் முயற்சிக்கு வேறு வெள்ளி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே! இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டில் அயோடினைக் கையாள வேண்டாம். பாதரசத்தை நினைக்கவே வேண்டாம். ஆய்வகத்தில், ஆசிரியர் அருகிருக்கச் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் உங்கள் வீட்டுப் பரண்களில், பெட்டிகளின் அடியில், பழைய நெகடிவ் ஏதேனும் கிடைத்தால் ‘பேய்ப்படம்’ என்று எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அது யார் என்று, சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.